படலையைத் திறக்கும் 711

யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் ஒரு மாணவி, வகுப்பார் எல்லோரும் கணக்கு வைத்திருக்கும் உபுண்டு இயங்குதளச் சேவையகத்தில் தன் இணையப் பக்கத்தை ஏற்றுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோப்புக்கு 644 என்ற அனுமதி எண் கொடுத்தாயிற்று. உலாவியில் திறந்தால் 403, அனுமதி இல்லை. கோப்பையே திரும்பத் திரும்பச் சோதிப்பது வீண்வேலை; வழி பெரும்பாலும் அதற்கு மேலே அடைபட்டிருக்கும்.

உபுண்டு பின்பற்றும் யுனிக்ஸ் முறையில் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகுப்புகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் வகுப்புக்கு ஓர் இலக்கம்; 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவும் மற்றவரும் படிக்க மட்டுமே. உபுண்டுவில், உலாவிக்குப் பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி தனக்கென ஒதுக்கிய பயனர் பெயரில் ஓடுவதால், மாணவியின் கணக்குக்கு அது வெறும் 'மற்றவர்'.

கோப்புறை என்று வந்தால் இந்த எண்களின் பொருளே வேறு. அங்கே 4 உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் உரிமை. 1 அதனூடாகக் கடந்து போகும் உரிமை. ஒழுங்கையால் வருபவர் படலை தாண்டாமல் விறாந்தையில் கால்வைக்க முடியாது. அப்படித்தான் பாதையிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் அந்த 1 இருந்தாக வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் 403தான். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் வீட்டுக் கோப்புறை 750 ஆகவே உருவாகிறது; மற்றவருக்குப் பூச்சியம். மாணவியின் பக்கம் தடைபட்டது அங்கேதான்.

வீட்டுக் கோப்புறைக்கு 711, பக்கங்கள் உள்ள கோப்புறைக்கு 755: வேலை முடிந்தது. 711 எனக்குப் பிடித்த எண். வழி விடும், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டாது. ஆனால் பெயரை ஊகித்து வருபவரை அது தடுக்காது. 'ஒப்படை1' என்று பெயரிட்டு 644 இல் விட்ட கோப்பைச் சக மாணவர் எவரும் திறந்து படிக்கலாம். அதற்கு 600 கொடுங்கள்.

எதற்கும் 777 போடச் சொல்லும் அறிவுரையாளர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் அல்ல, அது இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமையில்தான் தங்கியிருக்கிறது. கோப்புறை 777 என்றால், உள்ளே 400 இல் பூட்டி வைத்த கோப்பையும் அதே சேவையகத்தில் கணக்குள்ள எவரும் நீக்கிவிட்டு, அதே பெயரில் தம்முடையதை வைத்துவிடலாம்.

எந்தப் படியில் தடை என்று தெரியாவிட்டால் 'நேம்ஐ' (namei) கட்டளையை 'எல்' (-l) தெரிவுடன் முழுப் பாதைக்கும் ஓட்டுங்கள். வேர்க் கோப்புறை தொடங்கி ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிவரியாகக் காட்டும். உரிமை எழுத்துகளில் கடைசி மூன்று மற்றவருக்கானவை; அவற்றில் எக்ஸ் (x), அதாவது அந்த 1, இல்லாத கோப்புறை வரியைத் தேடுங்கள்.