குரல் கம்மினாலும் முகம் வீங்கினாலும் மார்பையும் பார்க்க வேண்டும்

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, முன்புறம் மார்பெலும்பும் பின்புறம் முதுகெலும்பும் கீழே உதரவிதானமும் எல்லையாக அமைந்த பகுதியை மீடியாஸ்டினம் என்கிறோம். இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைமஸ் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள், நரம்புகள், உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாய்கள் ஆகிய அனைத்தும் இங்கே ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. ஒன்று பருத்தால் அடுத்திருப்பது நசுங்கும் என்பதால், நோய் மார்பில் இருக்க, அறிகுறி முகத்திலோ தொண்டையிலோ தென்படுவதுண்டு.

தலை, கழுத்து, கைகளிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை ஏறத்தாழ 7 செ.மீ. நீளமே உடையது. சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. ஆகவே நுரையீரலின் வலப்பக்க மேற்பகுதியில் வளரும் கட்டியோ, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயால் பருத்த நிணநீர் முடிச்சுகளோ இதை எளிதில் அழுத்திவிடுகின்றன. காலையில் எழும்போது முகம் உப்பியிருக்கும், சட்டைக் காலர் இறுக்கும், குனிந்தால் தலை கனக்கும், கழுத்துச் சிரைகள் புடைத்து நிற்கும். ஒவ்வாமை என்று எண்ணி மாத்திரை விழுங்கியபடி வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. சிறுநீரகக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் கால்களும் வீங்கும். இதிலோ வீக்கம் மார்புக்கு மேலேதான் இருக்கும்.

குரல் விஷயமும் இப்படித்தான். இடப்பக்கக் குரல் நாணை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. அந்த வளைவில் வீக்கமோ, அதன் அருகே கட்டியோ இருந்தால் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாமலே குரல் கம்மிவிடும். மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கம்மலைச் சளி என்று ஒதுக்காமல் குரல் நாண்களைப் பரிசோதிக்க வேண்டும். இடப்பக்க நாண் அசையாமல் இருந்தால் மார்புக்கு சி.டி. ஸ்கேன் தேவை.

இவற்றையெல்லாம்விட அவசரமானது பெருந்தமனிக் கிழிவு. அதன் உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கிடையே ரத்தம் பாயும்போது எழும் வலி, பெரும்பாலும் தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். நெஞ்சிலிருந்து தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகுக்குப் பரவும். மாரடைப்பு என்று கருதி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இரு கைகளிலும் ரத்த அழுத்தம் பெரிதும் வேறுபட்டால் சந்தேகம் வலுக்கும், வேறுபடவில்லை என்பதால் மட்டும் சந்தேகம் நீங்கிவிடாது. சாதாரண எக்ஸ்ரே இயல்பாகத் தெரிந்தாலும் அதை நம்பி வீடு திரும்பக் கூடாது, ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் தெளிவான விடை தரும்.

கட்டுப்படாத உயர் ரத்த அழுத்தமே இதற்கு முதன்மைக் காரணம். உடலின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் மரபணுக் கோளாறான மார்ஃபன் நோய்க்குறி உள்ளவர்களும், பெருந்தமனி வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு பிறந்தவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு மார்புப் பெருந்தமனி வீங்கியோ கிழிந்தோ இருந்தால், அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், எக்கோ பரிசோதனை செய்து பெருந்தமனியின் விட்டத்தை அளந்துகொள்வது அவசியம்.