மணலுக்குள் ஒளியும் பள்ளம்

தேவகோட்டைப் பக்கம் மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால், வருடத்தில் பெரும்பாலான நாள் மணலும் கருவேலஞ்செடியும்தான் தெரியும். தண்ணீரே இல்லாத ஆற்றுக்குப் பழைய பாலம் போதாதா, எதற்கு இடித்துக் கட்ட வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். பாலத்தைக் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் சில நாள் வெள்ளம்தான்.

நம் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று தொடுத்தவை. அடைமழையில் அடுத்தடுத்து நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால், அத்தனை தண்ணீரும் ஓடை வழியே ஆற்றுக்குத்தான் வரும். அந்த வேகம் பாலத்தூணில் மோதியதும் ஒரு பங்கு தண்ணீர் கீழே திரும்பித் தரையைக் குடையும். பிறகு தூணை லாடம் போலச் சுற்றிச் சுழன்று மணலை வாரிக்கொண்டு போகும். கடற்கரையில் நிற்கும்போது குதிகாலுக்கடியில் மணல் நழுவுமே, அதே மாதிரிதான்.

வெள்ளம் வடியும்போது, மேலிருந்து வரும் மணல் அந்தப் பள்ளத்தைத் தானே தூர்த்துவிடும். தை மாதம் போய்ப் பார்த்தால் சமதரை. ஆனால் புதிதாகப் படிந்த மணல் பொலபொலவென்று இருக்கும். பழைய மண்ணின் பிடிப்பு அதில் கிடையாது. கண்ணால் பார்த்துவிட்டு ‘பாலம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தூணடி மண்ணைத் துளையிட்டுப் பார்க்க வேண்டும்.

மேல்தளத்துக்கு வேறு நோய். காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடங்களில் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையைக் குறைத்துவிடும். ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் பிளந்து பெயரும்.

சரி, புதுப் பாலம் எப்படி? ஆற்றுக்குள் சிமெண்டுக் குழாய் பதித்து மாற்றுப்பாதை போட்டுவிட்டுப் பழையதை இடிப்பார்கள். மழைக்கு முன் அஸ்திவாரம் முடிந்தாக வேண்டும். எவ்வளவு ஆழம்? வெள்ளத்தின் உச்ச மட்டத்திலிருந்து சராசரி அரிப்பு ஆழத்தைக் கணக்கிட்டு, தூணுக்கு அதைப்போல் 2 மடங்கு, கரையோரம் பாலத்தின் முனையைத் தாங்கும் கரைச்சுவருக்கு 1.27 மடங்கு அரிக்கும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது, சாலை, பாலங்களுக்குத் தரவிதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதி. அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். தூண்களின் எண்ணிக்கையும் குறைவது நல்லது. ஒவ்வொரு தூணும் தண்ணீரின் வழியை நெருக்கி வேகத்தைக் கூட்டுகிறது.

இந்தக் கணக்கில் வருவது வெள்ளம் அரிப்பது மட்டும்தான். பாலத்தடியில் வண்டி கொண்டுவந்து மணல் அள்ளி 1 மீட்டர் தாழ்த்தினால், அஸ்திவாரத்துக்குக் காவலாக இருந்த மண்ணில் 1 மீட்டர் மழை தொடங்கும் முன்பே போய்விடுகிறது.