அந்தக் குண்டூசியைக் கீழே வையுங்கள்

நெட் ரிப்பேருக்குப் போனதில் இந்த வாரம் இது மூன்றாவது வீடு. "நெட் வரல சார், நானே எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்" என்று போனில் சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த 'எல்லாம்' என்னவென்றால், ஏதோ வீடியோ பார்த்து, தளத்தின் முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். சர்வரைக் கூகுளின் 8.8.8.8 ஆக்கியிருக்கிறார், லேப்டாப்புக்குக் கையால் ஒரு ஐ.பி. (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) போட்டிருக்கிறார், எதுவும் நடக்கவில்லை என்றதும் ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தியிருக்கிறார். ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது, அதை மட்டும் பார்க்கவில்லை. பீரோவை நகர்த்தியதில் ஃபைபர் வயர் மடங்கி நசுங்கியிருந்தது. வயருக்குப் பத்து நிமிடம், அவர் மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்க முக்கால் மணி நேரம்.

டி.என்.எஸ். மாற்றினால் ஸ்பீடு கூடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐ.பி. எண்ணைத் தேடித் தரும், அதோடு அதன் வேலை முடிந்தது. வழி சொல்கிற ஆளை மாற்றினால் ரோடு அகலமாகிவிடுமா? பக்கம் திறக்கத் தொடங்குவது ஒரு நொடிப்பொழுது முந்தலாம், டவுன்லோடு அதே வேகம்தான். 8.8.8.8-க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் சோதனை) போட்டால் பதில் வருகிறது, ஆனால் பெயர் அடித்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் மட்டும் டி.என்.எஸ்.ஸைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் யாரோ கொடுத்த முகம் தெரியாத எண்ணைப் போடாதீர்கள், பேங்க் பெயரை அடித்தால் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட அதனால் முடியும்.

கையால் ஐ.பி. போடுவதும் அப்படித்தான். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்காமல் நாமே ஒன்றைப் போட்டால் அது வீட்டிலுள்ள வேறொரு போனின் முகவரியோடு மோதலாம். அப்புறம் அதே லேப்டாப்பை ஆபீசுக்குக் கொண்டுபோய், அந்த எண் அங்கே பொருந்தாமல், அங்கேயும் நெட் இல்லை என்று எனக்கே போன் வரும்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஆஃப் செய்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள், தாராளமாக. குண்டூசி வேண்டாம், நெட் கம்பெனியோடு இணைய ரவுட்டரில் போட்டிருக்கும் பி.பி.பி.ஓ.இ. யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும், அது உங்களிடம் எழுதி இருக்கவும் இருக்காது.

வைஃபை மட்டும் இழுக்கிறதா? சரி, ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக மாற்றிப் பாருங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எதைத் தொட்டாலும், தொடுவதற்கு முன் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வையுங்களேன். நான் வந்ததும் அதைக் காட்டினால் போதும்.