முகவரி தெரிந்தும் ஏன் தேடுகிறோம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் 2021 செப்டம்பரில் கூகுள் தரப்பு வழக்கறிஞர் ஒரு தகவலைச் சொன்னார். மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறியில் மக்கள் வேறெதையும்விட அதிகமாகத் தேடும் சொல் 'கூகுள்' என்பதே அது. மக்கள் தாங்களாக விரும்பித்தான் கூகுளுக்கு வருகிறார்கள் என்று காட்டுவது அவருடைய நோக்கம். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. பெயரோடு '.காம்' சேர்த்தால் நேரே போய்விடலாம். அப்படியிருந்தும் இத்தனை பேர் பெயரை மட்டும் தேடுபொறியில் அடித்து, வரும் பட்டியலின் முதல் வரியைத் தட்டி உள்ளே போகிறார்கள்.

இதை விவரம் தெரியாதவர்களின் பழக்கம் என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அது தவறான எண்ணம். கணினியோடு நாள் முழுக்கப் புழங்குபவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. அல்டாவிஸ்டா தேடுபொறியின் பயனர்களிடம் கேட்டும், அதன் தேடல் பதிவுகளைப் புரட்டியும் ஆந்த்ரே பிரோடர் என்ற கணினி அறிவியலாளர் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவலுக்காகத் தேடுவது, ஒரு வேலையை முடிப்பதற்காகத் தேடுவது, குறிப்பிட்ட ஒரு தளத்தை அடைவதற்காகத் தேடுவது என்று தேடல்களை மூன்றாக வகுத்தார். மூன்றாவது வகை மட்டும் பதிவுகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பயனர்களிடம் கேட்டபோது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஐந்தாண்டுகள் கழித்து, ஜேமி டீவனும் சக ஆய்வாளர்களும் யாஹூவின் பதிவுகளை ஆராய்ந்தபோது, தேடல்களில் 40 சதவீதம் வரை முன்பே கண்ட ஒன்றை மறுபடி கண்டடைவதற்கானவை என்று தெரிந்தது. தெரியாததை அறிவதற்குத்தான் தேடுபொறி என்று நாம் நினைத்தாலும், போகுமிடம் நன்றாகத் தெரிந்த நிலையிலும் அதைத்தான் நாடுகிறோம்.

காரணம், முகவரி மன்னிக்காது. இன்று நாம் பயன்படுத்தும் டொமைன் பெயர் அமைப்பை பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தார். எழுத்துகளாலான பெயரைப் பெற்று, அதற்குரிய எண் முகவரியைத் திருப்பித் தருவது அதன் பணி. 'ஏறக்குறைய சரி' என்பது அதற்குக் கிடையாது. ஓர் எழுத்து பிசகினால் அப்படியொரு பெயர் இல்லை என்று பதில் வரும்; அல்லது வேறு யாரோ வாங்கி வைத்திருக்கும் தளம் திறக்கும். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளத்தைத் தேடி, 'ஒயிட்ஹவுஸ்' என்ற பெயரோடு '.கவ்' என்பதற்குப் பதிலாக '.காம்' சேர்த்தவர்கள் ஆபாசத் தளம் ஒன்றில் போய் விழுந்தார்கள். பெயர் சரி, வால் தவறு, அவ்வளவுதான். இப்போது அந்த வால்களே ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நடுவில் சிறுகோடு உண்டா, ஒருமையா பன்மையா, சுருக்கப் பெயரா முழுப் பெயரா என்பதையெல்லாம் நினைவிலிருந்து பிசகாமல் எடுத்து அடிக்க வேண்டும்.

மனித மனத்துக்கு இது கடினமான வேலை. எந்தத் துப்பும் இல்லாமல் ஒன்றை நினைவுகூர்வதைவிட, கண்முன் இருப்பதை 'இதுதான்' என்று அடையாளம் காண்பது எளிது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. முகவரி நினைவுகூரச் சொல்கிறது. தேடல் முடிவுகளோ தலைப்பையும் சின்னத்தையும் இரண்டு வரி விளக்கத்தையும் முன்னால் வைத்து, அடையாளம் காணச் சொல்கின்றன. பெயரைப் பிழையாக அடிக்கலாம், பாதியில் விடலாம், வேறு மொழியின் எழுத்தில்கூட அடிக்கலாம். பெரும்பாலும் வந்து சேர வேண்டிய இடம் வந்துவிடும். கைபேசியின் சிறு விசைப்பலகையில் புள்ளியையும் சாய்கோட்டையும் தேடி எடுக்கும் தொல்லையும் இல்லை.

தேடுபொறிகள் தொடக்கத்திலேயே இதில் திறமையாக இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். கூகுளை நிறுவிய செர்கே பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு வியப்பான குறிப்பு இருக்கிறது. 1997 நவம்பரில், முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் ஒன்றே ஒன்றுதான், தன் பெயரைத் தேடினால் தன்னையே முதல் பத்து முடிவுகளுக்குள் காட்டியது. மற்றவற்றுக்குத் தம்மையே கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஒரு சொல் எந்தப் பக்கத்தில் எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்பதையே அவை பெரிதும் நம்பியிருந்தன. ஒரு தளத்தின் முகப்புப் பக்கத்திலோ அதன் பெயர் ஓரிரு முறைதான் இருக்கும், சில சமயம் படமாக மட்டுமே இருக்கும். அந்தத் தளத்தைப் பற்றிப் பேசும் பிறருடைய பக்கங்களில்தான் பெயர் நிறைய வரும். எனவே பெயருக்கு உரியவர் பின்தங்கிவிடுவார்.

பிரின்னும் பேஜும் பிறர் தரும் இணைப்புகளைக் கவனித்தார்கள். ஒருவர் தன் பக்கத்தில் ஒரு தளத்துக்கு இணைப்புத் தரும்போது, பெரும்பாலும் அந்தத் தளத்தின் பெயரையே எழுதி அதில் இணைப்பை வைக்கிறார். அந்த எழுத்துகளை, எழுதப்பட்ட பக்கத்தின் கணக்கில் மட்டுமல்லாமல், இணைப்பு போய்ச் சேரும் பக்கத்தின் கணக்கிலும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே பெயரைச் சொல்லி ஒரே இடத்தைக் காட்டினால், பெயருக்குரிய இடம் எது என்பதில் சந்தேகம் இருக்காது. முகவரியைப் பதிவு செய்தவர் யார் என்று பார்க்காமல், ஊரார் யாரை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று பார்க்கிற முறை இது. பெயர் தேடலை நம்பத்தக்கதாக ஆக்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. எழுத்துப்பிழைத் திருத்தமும் இதே போக்கில் வளர்ந்தது: தவறாக அடித்த பலர் அடுத்த நொடி எப்படித் திருத்தி அடித்தார்கள் என்பதிலிருந்தே எந்திரம் சரியான வடிவத்தைக் கற்றுக்கொண்டது.

பிறகு உலாவிகளும் மாறின. முன்பு முகவரிக்கு ஒரு பெட்டி, தேடலுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருந்தன. 2008 செப்டம்பரில் வந்த குரோம் இரண்டையும் ஒன்றாக்கியது. நடுவில் இடைவெளி இருந்தால் தேடல், புள்ளியும் தெரிந்த வாலும் இருந்தால் முகவரி. ஒற்றைச் சொல்தான் சிக்கல். அது தேடலாகவும் இருக்கலாம், அலுவலக உள்வலையமைப்பில் உள்ள ஒரு கணினியின் பெயராகவும் இருக்கலாம். குரோம் அதைத் தேடலுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெயரில் கணினி உண்டா என்று பின்னணியில் விசாரித்தது. ஆனால் சில வலையமைப்புகள் இல்லாத பெயருக்கும் 'இருக்கிறது' என்று பொய்ப் பதில் தருபவை. அதைக் கண்டுபிடிக்க, குரோம் இயங்கத் தொடங்கும்போதெல்லாம் 7 முதல் 15 எழுத்துகள் கொண்ட அர்த்தமற்ற மூன்று பெயர்களை உருவாக்கி விசாரித்துப் பார்த்தது. வாலில்லாத அந்தப் பெயர்கள் பெயர் அமைப்பின் உச்சியிலுள்ள வேர் சர்வர்கள் வரை போய்ச் சேர்ந்தன. 2020-இல் கணக்கெடுத்தபோது, அந்த சர்வர்களுக்கு வந்த கேள்விகளில் ஏறத்தாழ பாதி இப்படிப்பட்டவையாக இருந்தன! அதன் பிறகே குரோம் இந்த ஏற்பாட்டை மாற்றிக்கொண்டது.

பெயரைத் தேடும் பழக்கத்தில் பணமும் புழங்குகிறது. ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடுபவர்களுக்கே விளம்பரம் காட்ட அந்தந்த நிறுவனங்கள் தேடுபொறிக்குப் பணம் கட்டுகின்றன. இணையச் சந்தையான ஈபே 2012-இல் யாஹூவிலும் மைக்ரோசாப்டின் தேடுபொறியிலும் அப்படிப்பட்ட விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. அதன் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதத்தினர் கீழே இருந்த இலவச இணைப்பைத் தட்டி வந்துவிட்டார்கள். ஈபேக்குத்தான் வர வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு மேலே இருப்பது விளம்பரமா இல்லையா என்பது பொருட்டாக இல்லை.

அந்த அலட்சியத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2010 பிப்ரவரியில் 'ஃபேஸ்புக் லாகின்' என்று தேடியவர்களுக்கு ரீட்ரைட்வெப் என்ற செய்தித்தளத்தின் கட்டுரை ஒன்று மேலே வந்தது. திறந்தது ஃபேஸ்புக்தான் என்று நம்பிய பலர், புதிய தோற்றம் பிடிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையின் கீழேயே முறையிட்டார்கள். அன்று நடந்தது யாரும் திட்டமிடாத குழப்பம். இன்று மோசடிக்காரர்கள் அதே இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரம் கொடுத்து, அசலைப் போன்ற பக்கத்துக்கு இழுத்துச் செல்வதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் எச்சரித்தது.

வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றுக்கு மட்டுமாவது உலாவியில் புத்தகக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கடவுச்சொற்களைச் சேமிக்கும் செயலியும் இங்கே பெரிதும் உதவும். பக்கம் எத்தனை அசலாகத் தோன்றினாலும் அது தோற்றத்தைப் பார்ப்பதில்லை. சேமித்த டொமைன் பெயரோடு ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கடவுச்சொல்லைத் தானாக நிரப்ப மறுத்துவிடும்.