‘உள் ரசவாதம்’ அல்ல, அகக்குளிகை

சுன் வுகோங் என்ற சீனக் குரங்கின் கதையைத் தமிழில் யார் பேச எடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் ‘உள் ரசவாதம்’ வந்துவிடுகிறது. போன வாரம் கேட்ட ஓர் உரையில் எண்ணினேன், பதினேழு முறை. உரை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பதினெட்டாவது முறை வந்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

சீன மூலச்சொல் ‘நேய்தான்’: சாவாமை மருந்தை உடம்புக்குள்ளேயே ஆக்கிக்கொள்ளும் பயிற்சி, தாவோ என்ற சீனச் சமய மரபைச் சேர்ந்தது. ‘நேய்’ என்றால் உள். ‘தான்’ முதலில் சிவப்பு. பிறகு அந்தச் சிவப்பு நிறக் கல்லான சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் கூடியது. கடைசியில் அதைப் புடமிட்டு உருட்டிய சாவாமைக் குளிகை. உலையில் ஆக்கி வாயில் போட்டுக்கொள்வதற்கு ‘வாய்தான்’ என்று பெயர். இங்கே ‘வாய்’ என்றால் வெளி. தமிழ்க் காதுக்கு ஒன்று நெய்தான், மற்றொன்று வாய்தான் என்று கேட்கும். ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிடலாம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாய்தானைத் தின்று தாங் வம்சப் பேரரசர்கள் சிலர் 9ஆம் நூற்றாண்டில் செத்தே போனார்கள். அந்தச் சாவுகளும் ஒரு காரணமாக உள்வழி ஓங்கியது. உடம்பே உலை, மூச்சே நெருப்பு, கடையில் சரக்கு வாங்க வேண்டியதில்லை. 1075இல் சாங் போதுவான் என்ற தாவோ குரு இதைப் பாடல்களாகவே கட்டிவிட்டார். பௌத்த நூல் தேடி ஒரு துறவியும் குரங்கு உள்ளிட்ட சீடர்களும் இந்தியா போகும் கதைதான் 1592இல் அச்சான ‘மேற்குப் பயணம்’ நாவல். அதில் அந்தப் பாடல்களின் சாயல் பல இடங்களில் உண்டு. பிறகு தாவோ உரைகாரர்கள் வந்தார்கள். 1778இல் முன்னுரை எழுதிய லியூ யீமிங், நூறு அதிகாரங்களையும் நேய்தான் பாடநூலாகவே வாசித்தார். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது சண்டைக்கு வருவோம்.

ரசவாதம் என்றதும் தமிழருக்கு என்ன தோன்றும்? செம்பைப் பொன்னாக்குவது. அடுத்து, அப்படிச் சொல்லி ஊரை ஏமாற்றிய சாமியார். முன்னால் ‘உள்’ சேர்த்தால் மட்டும் அந்தப் பொன்னாசை கழன்று போகாது. நேய்தானில் பொன் என்ற பேச்சு வரும், ஆனால் அது விற்கிற பொன் அல்ல, கெடாத தன்மைக்கு உவமை.

அது போகட்டும். ரசம் என்றால் பாதரசம். நேய்தான் மரபில் பாதரசம் பாதிதான், மறுபாதி ஈயம். இரண்டும் உடம்புக்குள் கூட வேண்டும், அதுதான் வேலையே. நாவலின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். குரங்குக்கு ‘உலோக ஐயா’ என்று பெயர் வரும். ஈயத்துக்கான சீன எழுத்தைப் பிரித்தால் உலோகம், ஐயா என்று இரண்டு துண்டு கிடைக்கும், அந்த விளையாட்டு. பன்றியான பாஜியே ‘மர அம்மா’, அவன்தான் பாதரசம். இருவரையும் சேர்த்து வைக்கும் மண்ணுக்கு ‘மஞ்சள் பாட்டி’ என்று பெயர், அது மூன்றாவது சீடன். ஆக, இந்தப் பயணத்துக்கே ரசவாதம் என்று பெயர் வைப்பவர் மொத்த வேலையையும் பன்றியிடம் ஒப்படைக்கிறார். வழியெல்லாம் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் அலைகிற பாஜியேயிடம்!

இன்னொரு வேடிக்கை. இரண்டாம் அதிகாரத்தில் குரு சுபோதி, வுகோங்குக்கு வரிசையாகப் பல வித்தைகளை எடுத்துச் சொல்கிறார். உலை மூட்டிச் சரக்குக் காய்ச்சுவதும் அதில் ஒன்று. இதனால் சாகாமல் இருக்கலாமா என்று குரங்கு கேட்க, தண்ணீரில் தெரியும் நிலாவை அள்ளுவது போலத்தான் என்கிறார் குரு. வேண்டாம் என்று குரங்கு ஒதுக்கிவிடுகிறது. நாவலே கதவைச் சாத்தி வெளியே நிறுத்திய சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறார்.

‘வாதம்’ என்பது ஒரு வித்தை. ‘தான்’ ஒரு பொருள். தொப்புளுக்குக் கீழே ‘தான்தியன்’ என்ற இடம் உண்டு, தியன் என்றால் வயல். ரசவாத வயல் என்று எழுதினால் என்ன விளங்கும்? குளிகை வயல் என்றால் ஏதோ அங்கே விளைகிறது என்றாவது தெரியும். ‘ஜின்தான்’ பொற்குளிகை ஆகிவிடும். ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். மலட்டுச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மரபை மொழிபெயர்க்க முடியாது.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘அகமருந்து’ என்றார். அழகான சொல். ஆனால் சித்த மருத்துவத்தில் அது ஏற்கெனவே குடியிருக்கிறது: உள்ளே சாப்பிடுபவை அகமருந்து 32, மேலே பூசுவது கட்டுவது போன்றவை புறமருந்து 32. அந்தக் கணக்கில், பேரரசர்களைக் கொன்ற வாய்தான்தான் அகமருந்து ஆகும்! தலைகீழ். குறளில் வரும் ‘சாவா மருந்து’ எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் அது அமிழ்தம், பாற்கடல் என்று வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சிவப்புக் கல்லும் உருட்டிய வடிவும் அதில் இல்லை.

ஆகவே குளிகை. 32 அகமருந்துகளின் பட்டியலில் குருகுளிகை உண்டு. வாயில் அடக்கினால் வானத்தில் பறக்கலாம் என்ற ககனகுளிகைக் கதை தெரியாத சித்தர் பாட்டு ரசிகர் கிடையாது. குளிகை உள்ளே போவதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் மருந்துக் கடையில் யாரும் ‘அகக்குளிகை’ என்று கேட்கப் போவதில்லை. அப்படி ஒரு சொல்லைக் கண்டால் வாசகர் ஒரு நொடி நிற்பார். அந்த நொடிதான் வேண்டும். எதிரில் புறக்குளிகை தானாகவே வந்து நிற்கும்.

குளிகை வடசொல்தானே? ஆமாம். ரசவாதம் மட்டும் என்ன, வைகை ஓரம் முளைத்ததா? காலண்டரில் ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிகை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். பள்ளி மணியும் கழுத்து மணியும் ஒரே சொல்தான், யாரும் குழம்பியதில்லை.

நோய் எங்கே என்றால், ‘உள் ரசவாதம்’ சீனத்திலிருந்து வரவே இல்லை. ஐரோப்பியர்கள் அரபியிலிருந்து வாங்கிய ‘அல்கிமியா’வைச் சீனத்தின் மேல் போர்த்தினார்கள், நாம் அந்தப் போர்வையை மொழிபெயர்க்கிறோம். இதே வழியில் வந்ததுதான் நாவலின் துறவிக்கு ‘டிரிபிடகா’ என்று எழுதுவதும். அந்தப் பாத்திரத்துக்கு மூலமான துறவி 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கே வந்து போனவர், நாம் பள்ளியில் யுவான் சுவாங் என்று படித்தவர். போகர் சீனம் போனார் என்ற மரபுக்கதையைச் சொல்லிப் புல்லரிக்கிறவர்கள்கூட, இந்த டிரிபிடகாதான் அந்த யுவான் சுவாங் என்று சொன்னால் விழிக்கிறார்கள்.

நாவலை இப்படி நேய்தானாக வாசிப்பதே வீண் என்பவர்களும் உண்டு. 1923இல் சீன அறிஞர் ஹூ ஷி, இப்படிப்பட்ட உரைகளெல்லாம் நாவலுக்குப் பகை என்றே எழுதினார். சிரித்துக்கொண்டே படிக்க வேண்டிய கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுபோதியின் குகைக்குச் ‘சாய்பிறை மூன்று விண்மீன்’ என்று பெயர். ஒரு வளைகோடும் மூன்று புள்ளியும் போட்டுப் பாருங்கள், ‘மனம்’ என்ற சீன எழுத்து வரும். ஆசிரியரே ஒளித்து வைத்ததை உரைகாரர் தோண்டினால் குற்றமில்லை. அவர்கள் அளவுக்கு மேல் தோண்டினார்கள் என்பது வேறு வழக்கு.

ஐந்தாம் அதிகாரத்தில் வுகோங், தாவோ மரபின் ஆதிகுருவான லாவோசியின் வீட்டில் யாரும் இல்லாத நேரம் புகுந்து, ஐந்து சுரைக்குடுக்கையில் இருந்ததையும் கொட்டி, வறுத்த கடலை மாதிரி மென்று தீர்க்கிறான். குடுக்கைக்குள் இருந்தது ‘ஜின்தான்’. போன வார உரையில் அதற்குச் சொன்னது: “குரங்கு ரசவாதத்தைத் தின்றுவிட்டது.”