மனு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் கூட்டம்தான். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாறுதல், நின்றுபோன முதியோர் உதவித்தொகை, தெருவுக்குத் தண்ணீர் என்று ஆளுக்கொரு மனு. வரிசையில் நிற்கும் பல பெரியவர்கள், ஏதோ தயவு கேட்டு வந்ததுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர்கள் நிற்பது உரிமையோடு.

அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. குறையைத் தீர்க்கச் சொல்லி ஒன்றிய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ யாரும் மனு கொடுக்கலாம். ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம். ஆகவே ரயில்வேக்கும் அஞ்சல் துறைக்கும் தமிழிலேயே எழுதுங்கள். மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஒன்றிய அரசு இந்தியில் பதில் அனுப்பியபோது, வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்கு ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று 2021-இல் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கிலும் இந்தப் பிரிவு பேசப்பட்டது.

சரி, மனு கொடுத்தாயிற்று. அப்புறம் என்ன ஆகிறது? ஆட்சியர் வாங்கும் மனு, 'தகுந்த நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு கீழே இறங்கும். பல நேரம், யார் வேலை செய்யவில்லை என்று எழுதினோமோ அதே அலுவலகத்துக்கே போய்ச் சேரும். ஏமாற்றம்தான். ஆனால் இப்போது அதற்கு ஒரு எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது தமிழக அரசின் ஆணை. அதனால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மனுவின் ஜெராக்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். நான்கைச் சேர்த்து எழுதினால் நான்கு துறைக்கும் நடுவில் அது அலையும்.

நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி' துறைக்குச் சொல்லலாம். ஒன்றிய அரசுத் துறைகள் மீதான குறைகளுக்குத் தனி இணையதளம் உண்டு. 21 நாளில் தீர்க்க வேண்டும் என்பது 2024-இல் வந்த நெறிமுறை. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், அதே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். வெள்ளைத்தாளில், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, இந்தத் தேதியில் இந்த எண்ணில் நான் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது, அதன் மீது எந்தெந்தத் தேதியில் என்ன செய்யப்பட்டது, கோப்பின் நகல் தருக என்று கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

அதுவும் நடக்கவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடுங்கள் என்று கேட்கும் வழக்கு. 'மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்' என்று நீதிமன்றம் அதிகாரிக்கு உத்தரவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அங்கே வழக்கறிஞர் முதலில் கேட்பது, நீங்கள் அன்று வாங்கிய அந்த ஒப்புகைச் சீட்டை.