கேன்வாஸ்: கித்தானா, வரைபரப்பா?

ஏழாம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சி நடத்த எக்ஸ்காலிட்ராவைத் திறந்திருந்தேன். காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம், உலாவியில் முகவரியைத் தட்டினால் வெள்ளையாக ஒரு பரப்பு வந்து நிற்கும், அதில் கோடு போட்டால் கையால் வரைந்தது போலவே கொஞ்சம் கோணலாக விழும். கடல், மேகம், மேலே போகிற அம்பு எல்லாம் ஆயிற்று. மழை வரைய வந்த பையன் டச்பேடில் இரண்டு விரலை வைத்து இழுத்துவிட்டு, "சார், படம் அழிஞ்சுபோச்சு!" என்று அலறினான். அழியவில்லைடா, கேன்வாஸ் நகர்ந்திருக்கு என்றேன். "கேன்வாஸ்னா ஷூ தானே சார்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கிப் போட்டுக்கொண்டு போன அந்த ஷூவில்தான் நம்மில் பலருக்கும் இந்தச் சொல் அறிமுகம். கேன்வாஸ் என்பது அதன் மேல்துணி, முரட்டு நெசவு. வேரைத் தேடிப் போனால் 'கன்னபிஸ்' என்ற லத்தீன் சொல்லில் போய் நிற்கிறது, அதாவது கஞ்சாச் செடி! அந்தச் செடியின் தண்டு நாரில் நெய்த துணிதான் கப்பலுக்குப் பாயாகவும் கூடாரமாகவும் ஆனது. ஓவியர்கள் அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வரையத் தொடங்கிய பிறகு, துணியின் பெயர் வரைகிற பரப்புக்கும் ஒட்டிக்கொண்டது. (வகுப்பில் 'ஒரு நார்ச்செடி' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.)

தேர்தல் சமயத்தில் 'ஓட்டு கேன்வாஸ்' என்கிறோமே, அதுவும் இதே துணிதான். ஆளைத் துணியில் போட்டு உலுக்குவது என்பதில் தொடங்கி, ஒரு விஷயத்தை அலசுவது, அப்புறம் ஆதரவு கேட்பது என்று நகர்ந்துவிட்டது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் வலைப்பக்கத்துக்குள் படம் வரைய ஒரு உறுப்பைக் கொண்டுவந்து அதற்கும் கேன்வாஸ் என்றே பெயர் வைத்தது; எக்ஸ்காலிட்ராவில் நாம் போடும் கோடுகள் விழுவது அதன்மேல்தான்.

சரி, தமிழில்? துணிக்குக் கித்தான் இருக்கிறது. கித்தான் பை, கித்தான் கூடாரம் என்று புழங்குகிற சொல், ஓவியத் துணிக்கும் தாராளமாகப் பொருந்தும். இதைவிடச் சுவையானது 'படம்'. அதற்குப் பழைய பொருளே துணிதான். முல்லைப்பாட்டில் வரும் 'படம்புகு மிலேச்சர்' சட்டை போட்டவர்கள். மயிலுக்குப் பேகன் கொடுத்ததாகப் புறநானூறு சொல்வது 'படாஅம்', போர்வை. துணியில் தீட்டியது படமாகி, இன்று செல்போனில் எடுப்பதும் படம். ஆங்கிலத்தில் துணியின் பெயர் பெரும்பாலும் பரப்போடு நின்றது, நம்மிடம் சித்திரத்துக்கே போய்விட்டது.

ஆனால் திரையில் இருப்பதைக் கித்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது பைத் துணி. தாள், பலகை என்றாலோ ஓரம் வந்துவிடுகிறது. எக்ஸ்காலிட்ராவில் ஓரமே கிடையாது, எந்தப் பக்கம் இழுத்தாலும் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பையன் அதைத் தாள் என்று நினைத்ததால்தான் படம் அழிந்ததாகப் பயந்தான். அதனால் 'வரைபரப்பு' என்றே சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வகுப்பில் வேறொரு பெண் அதேபோல் இழுத்துவிட்டாள். இவன் எழுந்து போய் ஷிஃப்ட்டோடு 1ஐ அழுத்தினான், கடலும் மேகமும் திரும்பி வந்தன. "பரப்புதான் நகர்ந்துச்சு, ஒண்ணும் ஆகலை."